பின்பாதி மட்டும் பார்த்தவர்கள்

உங்கள் புதுத் தியேட்டரைச் சுற்றிக் காட்டினீர்கள். மெத்தை நாற்காலி, குளிர்காற்று, விரலால் தொட்டதும் ஓடத் தொடங்கும் படம், எல்லாம் பார்த்தேன். போகிற போக்கில் உங்களில் ஒரு பெண் கேட்டாள், "சார், கூட்டத்தை எப்படி வரவைக்கிறது?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு விடை தெரிந்திருந்தால் பதுளையில் எங்கள் கொட்டகை இன்றைக்குச் சீமெந்துக் கடையாக ஆகியிருக்குமா, சொல்லுங்கள்.

கூட்டம் ஏன் வந்தது, ஏன் நின்றது என்பது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் விட்டபாடில்லை. அதனால் உபதேசம் எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு தீபாவளிக் கதை சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அறுபதுகளின் நடுவில் அந்தக் கொட்டகையில் மானேஜராகச் சேர்ந்தேன். மானேஜர் என்றதும் கோட்டும் சூட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கெட் கிழிக்கிறவர் வராவிட்டால் நான் கிழிப்பேன், கூட்டுகிறவர் வராவிட்டால் நான் கூட்டுவேன். ஒரு வேலைக்கு மட்டும் எனக்கு நேரம் கிடைத்ததில்லை, அது படம் பார்க்கிற வேலை. என் இடம் வாசல். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு படத்தின் கதையைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எந்த இடத்தில் எந்த பெஞ்சு அழும் என்று கேளுங்கள், சொல்வேன்.

அந்த நாளில் கூட்டத்தைக் கூப்பிட வேண்டியதே இல்லை. கூரை மேல் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுவோம். பாட்டு நின்றால் படம் தொடங்கப் போகிறது என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்கள் அந்த அமைதியைக் கேட்டதும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். மடுல்சீமை மாதிரித் தூரத்துத் தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து லாரி பிடித்து, அந்தக் கரடுமுரடான பாதையில் நின்றுகொண்டே வருவார்கள். வந்து இறங்கும்போது தலையில் பூவும் முகத்தில் பவுடரும் கையில் சாப்பாட்டுப் பொட்டலமுமாக ஒரு கல்யாண வீடு இறங்குகிற மாதிரி இருக்கும்.

வாசலில் நின்று நின்று எனக்கு ஒரு விஷயம் விளங்காமல் இருந்தது. இடைவேளைக்கு முன்னால் பெஞ்சு வகுப்பில் ஒரே விசில் சத்தம். இடைவேளைக்குப் பின்னால் அதே பெஞ்சுகளில் மூக்கைச் சிந்துகிற சத்தம். எந்தப் படமானாலும் இப்படித்தான். கதையை அப்படி எழுதுகிறார்கள் போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் உற்றுப் பார்த்தால், மூன்றாவது பெஞ்சில் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்த ஆள், இடைவேளை முடிந்ததும் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

சங்கதி இதுதான். இடைவேளையில் டீ குடிக்க வெளியே போகிறவர்களுக்கு ஒரு அட்டைத் துண்டு கொடுப்போம். அதைக் காட்டினால் திரும்ப உள்ளே விடுவோம். தோட்டத்து ஆண்கள் அந்தத் துண்டை வெளியே கைப்பிள்ளையோடு காத்திருக்கும் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு நின்றுவிடுவார்கள். முன்பாதி அவருக்கு, பின்பாதி அவளுக்கு. திரும்பிப் போகும்போது லாரியில் இருவரும் ஒருவருக்கொருவர் மீதிக் கதையைச் சொல்லிக்கொள்வார்கள்.

நான் அந்தச் சிவப்புச் சேலைக்காரியை நிறுத்திக் கேட்டேன். மடுல்சீமையில் கொழுந்து பறிக்கிறவள், பெயர் செல்லம்மா. நீலச் சட்டை அவள் புருஷன் முனியாண்டி.

"ஏம்மா, எப்பவும் நீங்கதான் பின்பாதியா? ஒரு தடவையாவது முதல்ல போகலாமே?"

"எங்கிட்டுங்க போறது?" என்றாள். "புள்ள இடைவேளைக்குத்தாங்க தூங்கும். தூங்குற புள்ளைய மட்டுந்தான் இவுகளுக்குத் தூக்கத் தெரியும்."

பக்கத்தில் நின்ற முனியாண்டி, "அவளுக்கு அழுகைன்னா புடிக்குமுங்க" என்று சமாதானம் சொன்னார். செல்லம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே வழிவிட்டேன். அதற்குப் பிறகும் அந்த மாற்றத்தைக் கண்டும் காணாத மாதிரி இருந்துவிட்டேன். பெஞ்சில் ஒரு ஆள்தானே உட்காருகிறார், எனக்கென்ன நஷ்டம்?

முதலாளி அப்படி நினைக்கவில்லை. ஊரில் பெரிய துணிக்கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர்தான், ஆனால் கொட்டகை என்றாலே அவருக்குத் தலைவலி. நான் சொல்ல வந்த தீபாவளிக்கு முந்தின வருஷம் பாட்டுக்கு நடுவில் படம் அறுந்து, கோபத்தில் யாரோ பெஞ்சுகளை உடைத்துப் போட்டிருந்தார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாருங்க மானேஜர், இந்தத் தீபாவளிதான் கடைசி சோதனை. ஒழுங்கா நடந்தா தமிழ்ப் படம் தொடர்ந்து ஓட்டுவோம். ஒரே ஒரு பெஞ்சு உடைஞ்சாலும் சரி, கொட்டகையை மூடிட்டுத் துணி மூட்டை அடுக்கிடுவேன். உங்களுக்கெல்லாம் வேற வேலை பார்த்துக்குங்க."

"சரிங்க முதலாளி."

"இன்னொண்ணு. ஒரு டிக்கெட்டுல ரெண்டு பேர் பாக்குறாங்களாமே? அன்னைக்கு அட்டைத் துண்டே குடுக்கக் கூடாது. வெளிய போனவன் போனவன்தான்."

அதற்கும் சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

தீபாவளி அன்று தோட்டங்களில் கோயில், கறி, விருந்து. படத்துக்கு வருவது மறுநாள். அந்த மறுநாள் விடிந்ததிலிருந்தே மழை. காலை ரயிலில் படப்பெட்டி வரவேண்டும். அந்தக் காலத்தில் படம் இரண்டு தகரப் பெட்டிகளில் வரும். முன்பாதி ஒரு பெட்டி, பின்பாதி ஒரு பெட்டி. பண்டாரவளைக் கொட்டகையில் ஓடி முடிந்து, ரயிலேறி எங்களிடம் வரும்.

எங்கள் ஆப்பரேட்டர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்தவர். எது நடந்தாலும் குரல் உயராத மனிதர். மத்தியானக் காட்சிக்குக் கூட்டம் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து இறங்கி வந்து என் காதோடு சொன்னார்.

"தம்பி, ரெண்டு பெட்டி வந்ததுதான். ஒண்டைத் திறந்து பாத்தா போன மாசத்துப் படம். மாறி ஏத்திப் போட்டாங்கள். எங்கட படத்தின்ர பின்பாதி மட்டும்தான் இருக்கு."

நேரத்தோடு பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு சரியாகத்தான் இருந்தது. யாரானாலும் ஏமாந்திருப்பார்கள். ஓடிப்போய் ரயில் நிலையத்திலிருந்து பண்டாரவளைக்குப் பேசினேன். பெட்டி அங்கேயே இருந்தது. உடனே வேனில் அனுப்புவதாகச் சொன்னார்கள். நல்ல நாளில் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் இது நல்ல நாளா?

திரும்பி வந்து பார்த்தால் கொட்டகை நிரம்பி வழிகிறது. வெளித் தாழ்வாரத்தில் கைப்பிள்ளைகளோடு பெண்கள் கூட்டம், செல்லம்மாவும் அதில் ஒருத்தி. அன்று துண்டு கொடுக்க மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. மாடியில் முதலாளி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

வாசல்காரர், "மெஷின் பழுதுன்னு சொல்லி அனுப்பிடலாங்க" என்றார். மடுல்சீமையிலிருந்து மழையில் நனைந்து வந்தவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். பெஞ்சு மட்டுமா உடையும்? ஆப்பரேட்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஓட்டுறது என்ர வேலை. என்னத்தை ஓட்டுறதெண்டு நீர்தான் சொல்லவேணும்."

"பின்பாதியை முதல்ல போடுங்க அண்ணே" என்றேன்.

அப்போது அது எப்படி என் வாயில் வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தாழ்வாரத்தில் நின்ற அந்தப் பெண்களைப் பார்த்ததால்தான் வந்தது. பாதிக் கதையைப் பார்த்து மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஜனங்கள் இவர்கள். வேறு எந்த ஊர்க் கூட்டத்திடமும் நான் அந்தத் துணிச்சலைக் காட்டியிருக்க மாட்டேன். இன்னொன்றும் முடிவு செய்தேன். பொய் சொல்லக் கூடாது. விளக்கு அணைந்த பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் நம் கதை முடிந்தது. திரைக்கு முன்னால் ஏறி நின்று, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பெட்டி மாறிவிட்டது, முன்பாதி பண்டாரவளையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, அதுவரை பின்பாதியைப் பாருங்கள் என்றேன்.

ஓவென்று ஒரு கூச்சல் எழுந்தது. முன் வரிசையில் ஒருவன் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கியே விட்டான். மாடியில் முதலாளி எழுந்து நிற்பது தெரிந்தது. அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து முனியாண்டி எழுந்தார்.

"அடேய், பெஞ்ச கீழ போடுங்கடா! நம்ம பொம்பளைக என்னைக்கும் பின்பாதிதானே பாக்குதுக? அதுகளுக்கு மட்டும் கத புரியலையா? ஐயா, நீங்க போடுங்கய்யா!"

கொட்டகையே சிரித்தது. பெஞ்சு தரைக்கு வந்தது. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் பார்க்கிறது உண்மைதான் என்று முதலாளி காது கேட்க இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே என்று எனக்கு ஒரு பக்கம் திக்கென்றாலும், அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

படம் ஓடியது. நான் வழக்கம்போல முகங்களைப் பார்த்தேன். பிறகு மற்றவர்கள் சொல்லக் கேட்டபடி, அது சந்தேகப்பட்டு மனைவியை வீட்டைவிட்டுத் துரத்திய ஒருவனின் கதை. ஏன் சந்தேகப்பட்டான் என்பது முன்பாதியில் இருக்கிறது, அது வேனில் வந்துகொண்டிருக்கிறது. இவர்கள் பார்த்ததெல்லாம் அவள் கோயில் வாசலில் கிடந்ததையும், கூலி வேலைக்குப் போனதையும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து கதறியதையும்தான். விசில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஆண்களின் பெஞ்சுகளிலிருந்து நான் அதுவரை கேட்காத சத்தம் கேட்டது. மூக்கைச் சிந்துகிறார்கள்!

பின்பாதி முடிந்து விளக்கு போட்டோம். வேன் வரவில்லை. ஹாலிஎலவுக்கு அப்பால் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். ஆண்கள் எழுந்து வாசலுக்கு வந்தார்கள், வெளியே பெண்கள் கதவருகில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், இரண்டுக்கும் நடுவில் நான். மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்தார்.

"துண்டு குடுக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க முதலாளி."

"அப்புறம் கையில என்ன?"

"துண்டுதாங்க." உண்மையைத்தானே சொல்ல முடியும். "முதலாளி, படம் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. இந்த ஆம்பளைகளை உள்ளயே வச்சு வெறும் திரையைக் காட்டிக்கிட்டு இருந்தா, பெஞ்சு தாங்காது. அவங்க பொம்பளைகளை உள்ள விட்டா யாரும் கை வைக்க மாட்டாங்க. உடைஞ்சா நாளைக்கே நான் வீட்டுக்குப் போறேன்."

அவர் கதவோரம் ஒதுங்கி நின்றார். நான் துண்டுகளைக் கொடுக்க ஆரம்பித்தேன்.

பெண்கள் உள்ளே வந்து வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்கு அது ஒரு யுகம். அவர்கள் சத்தம் போடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர்களோ பொட்டலத்தை அவிழ்த்தார்கள். தீபாவளி முறுக்கும் அதிரசமும் பெஞ்சுக்குப் பெஞ்சு கை மாறின. யாரோ ஒரு அம்மா கதவோரம் விறைத்துப்போய் நின்ற முதலாளியிடம் ஒரு முறுக்கை நீட்டி, "சாப்புடுங்க, படம் வந்துரும்" என்று ஆறுதல் சொன்னாள். அவர் வாங்கிக் கடித்தார்.

வேன் வரவில்லை, பெட்டிதான் வந்தது. சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் வேனை விட்டுவிட்டு, இரண்டு பேர் பெட்டியைத் தலையில் வைத்துச் சேற்றில் நடந்து, இந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவர்களை முழங்கால் வரை சேற்றோடு பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆப்பரேட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "மழை உள்ளுக்கை போகேல்லை" என்றார். அதுதான் அவருடைய பெரிய சந்தோஷம்.

முன்பாதி தொடங்கியது. முதலில் பெயர் போட்டார்கள். பெண்கள் அதையே வாய் பிளந்து பார்த்தார்கள். பெயர் ஓடுவதை அவர்கள் பார்த்ததே இல்லை. அப்புறம் ஆற்றங்கரை. அந்தக் கதாநாயகி தோழிகளோடு தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, மாங்காய் திருடி, மரத்திலிருந்து குதித்து, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என்ன சிரிப்பு! வழக்கமாக அந்த இடத்தில் ஆண்கள் விசில் அடிப்பார்கள். பெண்கள் அசையவில்லை. ஏதாவது தப்பாகிவிட்டதோ என்று நான் கதவுக்குள் ஒரு அடி எடுத்து வைத்தேன். கதவுக்குப் பக்கத்தில் செல்லம்மா உட்கார்ந்திருந்தாள். என் கையைத் தொட்டுக் கூப்பிட்டாள்.

"ஐயா, இந்தப் பொண்ணு சிரிக்குமாங்க?"

எனக்கு விளங்கவில்லை. "ஏம்மா, நீங்க இவ படம் எத்தனை பாத்திருப்பீங்க."

"எல்லாம் பாத்திருக்கேங்க. அழுதுதாங்க பாத்திருக்கேன். அழுகுறதுக்குன்னே பொறந்தவளுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "இப்புடி எல்லாமா இருந்திருக்கா."

நான் வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டேன். அவளுக்கு அழுகை பிடிக்கும் என்று முனியாண்டி சொன்னபோது சிரித்தவன் நான். தாழ்வாரத்தில் முனியாண்டி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிவந்த கண்ணோடு சுவரைப் பார்த்து நின்றார்.

"என்னங்க, படம் எப்படி?"

"என்னாத்தச் சொல்றதுங்க" என்றார். "இதையாங்க இவளுக ஒவ்வொரு தடவையும் பாத்துட்டு வந்து, சோறும் ஆக்குனாளுக?"

அன்று ஒரு பெஞ்சும் உடையவில்லை. எல்லாரும் போன பிறகு முதலாளி என்னிடம், "அடுத்த மாசத்துக்கு என்ன படம்?" என்று மட்டும் கேட்டார். கொட்டகை பிழைத்துவிட்டது என்று அதிலேயே புரிந்துகொண்டேன். துண்டைப் பற்றி அவர் அதற்கப்புறம் பேசவே இல்லை.

அடுத்த பொங்கலுக்கு மடுல்சீமை லாரி வந்தது. டிக்கெட்டோடு முதலில் என் முன்னால் வந்து நின்றது செல்லம்மா. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள். தாழ்வாரத்தில் முனியாண்டி முழித்துக்கொண்டு கத்துகிற பிள்ளையோடு மல்லாடிக்கொண்டிருந்தார். எங்கள் கொட்டகையில் இடைவேளைக்கு முன்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுப் படங்கள் குறைந்தன, தேய்ந்த பழைய பிரதிகளையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தோட்டத்து ஜனங்கள் டவுனுக்கு வரவே பயந்தார்கள். டெலிவிஷன் வந்தது, பின்னாலேயே வீடியோ டெக் வந்தது. எங்கள் பெஞ்சுகள் காலியாகின. கூட இருந்தவர்கள் எல்லாம் டெக்கைத் திட்டினார்கள். நானும் திட்டியிருப்பேன், ஆனால் என்னைத் தோற்கடித்தது எது என்று கண்ணால் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மடுல்சீமைக்கே போனேன்.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தை ஒட்டி ஒரு கொட்டில். ஜன்னலில் கொழுந்துச் சாக்கைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். வெளியே ஜெனரேட்டர் சத்தம், உள்ளே டெலிவிஷனும் டெக்கும். வாசலில் நின்று பழக்கதோஷத்தில் முகங்களைப் பார்த்தேன். ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் கலந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை அழுதால் பால் கொடுத்தபடியே பார்க்கிறார்கள். யாரும் யாருக்காகவும் வெளியே நிற்கவில்லை. கோபப்பட வேண்டும் என்று வந்தவனுக்குக் கோபம் வரவில்லை. இதை நாங்கள் ஏன் கொடுக்காமல் போனோம் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

முன் வரிசையில் நரைத்த தலை ஒன்று திரும்பியது. செல்லம்மா. என்னை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களைத் தள்ளி இடம் பண்ணினாள்.

"மானேஜர் ஐயாவா? இன்னமும் வாசல்லயே நிக்குறீங்களே! உள்ள வந்து உக்காருங்க. இப்பதாங்க பேரு போடுறான்."

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.